ஒன்பதாம் வகுப்பின் மூச்சு

செவ்வாய்க் குடியிருப்புப் பள்ளியில் யாரும் ‘உள்ளேன் ஐயா’ சொல்வதில்லை. வகுப்பு வாசலில் இருக்கும் மூச்சுமானிக் குழலில் ஒருமுறை ஊதினால் போதும். யாருடைய மூச்சு என்று அதுவே கண்டுகொள்ளும். எத்தனை பேர் ஊதினார்களோ அத்தனை பேருக்குத்தான் உள்ளே பிராணவாயு திறக்கும். காற்றை அளந்து விடும் ஊரில் ஆளில்லாத அறைக்கு யார் காற்று விடுவார்கள்?

அன்று ஆய்வாளர் வருவதாகத் தகவல். ஆசிரியர் சிவக்கொழுந்து இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, மணி அடிக்கும் முன்பே வந்துவிட்டார். வாசலில் ஒரு பிள்ளையையும் காணோம். பெருக்கும் இயந்திரம் மட்டும் கொக்கியில் தொங்கிய ரப்பர் பைகளை ஒவ்வொன்றாக எடுத்து, குழலில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பையிலும் ஒரு பிள்ளையின் மூச்சு.

“பனிமலர், வருகை” என்றது மூச்சுமானி.

மற்றதுகள் கிடக்கட்டும், பனிமலருமா! பூமிக்குப் போய்ப் படிக்க அவளுக்கு இடம் கேட்டு நிர்வாகத்தோடு சிவக்கொழுந்து எவ்வளவு மல்லுக்கட்டியிருப்பார்! நம்பவைத்துக் கழுத்தை அறுத்துவிட்டாளே என்று மனம் கொதித்தது. மணிக்கட்டுத் திரையில் அவளை அழைத்தார். பாசிப் பண்ணையில் தோழிகளோடு பந்து ஆடிக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா, ஒனக்கே இது நல்லாருக்கா? ஒன்ன எவ்வளவு நம்புனேன்! இன்ஸ்பெக்டர் வர்றாரு, என் வேலையே போயிரும்!”

“சார்… நெசமாவே ஸ்கூலுக்கு வந்திருக்கீங்களா?”

“பின்ன? வாத்தியார் ஸ்கூலுக்கு வராம எங்க போவாரு?”

அவள் பந்தைக் கீழே வைத்தாள்.

“போன டேர்ம்ல முக்கோணக் கணக்கு புரியலன்னு கை தூக்குனேன் சார். நீங்க பாட்டுக்கு நடத்திக்கிட்டே இருந்தீங்க. கிட்ட வந்து சட்டையத் தொட்டேன். கை உள்ள போயிருச்சு. ஒளியுருவ ஓட விட்டுட்டு நீங்க வீட்ல இருந்திருக்கீங்க. அன்னைக்கு நான் எவ்வளவு அழுதேன் தெரியுமா? மறுநாள் சீக்கிரமே வந்து பாத்தேன். அந்தக் கொக்கியில அப்ப ஒரே ஒரு பைதான் சார் தொங்குச்சு.”

அவர் கொக்கியைத் திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் இயந்திரம் மிச்சமிருந்த பையை எடுத்து, வழக்கம்போல் குழலில் வைத்து அமுக்கியது.

“சிவக்கொழுந்து, வருகை” என்றது மூச்சுமானி. “வகுப்பில் அனைவரும் உள்ளனர்.”