ஆறு சென்டிமீட்டர் வித்தியாசம்

"என் படத்தை ஷுக்ரி திருடிட்டான், ஐயா! அசர் தொழுகைக்குள்ள நீங்க கண்டுபிடிக்கலைன்னா என் வேலை போச்சு!"

தோசர் ஊரில் கடிகாரம் பழுதுபார்க்கும் லஸ்ஹரின் கடைக்குள் ரவ்தா மூச்சிரைக்க நுழைந்தாள். மாலை அசர் தொழுகைக்குப் பின் விண்மீன் மன்றப் போட்டியின் முடிவு; வெல்பவருக்கு வான்நோக்கு நிலையத்தில் வேலை. ஒரே ஓர் இடம். விருச்சிக விண்மீன் கூட்டத்தை நோக்கி நான்கு நிமிடம் கேமராவைத் திறந்துவைத்து எடுத்த ஒரே புகைப்படத்தை இருவருமே தன்னுடையது என்றார்கள். படம் பதிவாகியிருந்த கேமரா அட்டையை அவனுக்கு இரவல் கொடுத்ததுதான் அவள் செய்த முட்டாள்தனம்.

"நாலு சாத்து சாத்தினா உண்மை தன்னால வரும், அத்தான்" என்றான் லஸ்ஹரின் மச்சான் ஃபௌஸி.

"நீ கடையைப் பூட்டு, மச்சான்."

மன்றத்து மேசையில், விண்மீன் படம் எடுக்க இருவரும் செய்த கருவிகள் இருந்தன. கீல் போட்ட இரண்டு பலகைகள், அவ்வளவுதான். போல்ட்டைக் கையால் திருகத் திருக, மேல்பலகை கேமராவோடு மெல்ல எழும்பி வானத்தின் கூடவே போகும்.

"எப்படிச் செஞ்சே, தம்பி?" என்று லஸ்ஹர் ஷுக்ரியைக் கேட்டார்.

"அமெரிக்கக்காரன் வரைபடம், ஐயா. இம்மி பிசகலை. போல்ட் மட்டும் நம்ம சந்தையில வாங்கினேன். வாட்ச்சைப் பார்த்து நிமிஷத்துக்குச் சரியா ஒரு சுத்து."

லஸ்ஹர் படத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். ஒவ்வொரு விண்மீனும் ஊசி குத்திய புள்ளியாக இருந்தது. பிறகு கீலிலிருந்து போல்ட் வரை அளந்தார். ரவ்தாவின் பலகையில் இருபத்து மூன்று சென்டிமீட்டர். ஷுக்ரியின் பலகையில் இருபத்தொன்பது.

"ஆறு சென்டிமீட்டர்ல என்ன குடி முழுகிடப் போகுது?" என்றான் ஃபௌஸி.

"முழுகிடுச்சே! அமெரிக்க போல்ட்ல ஒரு சென்டிமீட்டருக்கு எட்டு மரைச் சுருள். இருபத்தொன்பதுங்கிற கணக்கு அதுக்குத்தான். நம்ம சந்தை போல்ட்ல பத்து மரை, இப்பதான் எண்ணினேன். ஒரு சுத்துக்குக் கம்மியாத்தான் ஏறும். வானம் முன்னால போயிடும், இவன் பலகை பின்தங்கிடும். நாலு நிமிஷத்துல எல்லா விண்மீனும் கோடாத்தான் விழும், புள்ளியா விழவே விழாது. ரவ்தா மரையை எண்ணிட்டு, பத்துக்கு ஏத்த மாதிரி இருபத்து மூணுல துளை போட்டிருக்கா. படம் அவளோடது."

ரவ்தா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து அழுதுவிட்டாள். ஷுக்ரி தலை நிமிரவில்லை.

"நாப்பது ராத்திரி, ஐயா. எடுத்ததெல்லாம் கோடு. என் கைதான் நடுங்குதுன்னு நினைச்சேன்."

"மடையா!" என்று ரவ்தா கண்ணைத் துடைத்துக்கொண்டே கத்தினாள். "என்கிட்ட கேட்டிருந்தா ஒரு துளையை மாத்திப் போட்டுக் குடுத்திருப்பேனேடா!"

ஃபௌஸி யாரையும் சாத்தவில்லை. ஷுக்ரி தன் வலது கையை நீட்டிப் பார்த்தான். அது துளிகூட நடுங்கவில்லை.