மூத்த தரை

முன்பின்காட்டி இரண்டு முறை சிணுங்கியது. மூன்று என்றால் மூத்த வீடு. இரண்டு என்றால் இளையது.

“இன்னொரு தடவ வச்சுப் பாருங்க சார்,” என்றாள் எஸ்தர்.

நிலவியலாளர் கோமதிநாயகம் கருவியை மறுபடி தரையில் வைத்தார். மறுபடியும் இரண்டு. உள்ளறையில் எஸ்தரின் கணவன் இருமினான்.

சங்குமேட்டின் முன்தெருவைக் கடல் விழுங்கிவிட்டது. புதிதாகக் கட்டிய மேட்டுநகரில் பாதி ஊருக்குத்தான் இடம். மிச்சப் பேர் அடுத்த வருடம்வரை உப்பளத்துக் கூடாரத்தில் கிடக்க வேண்டும். பத்திரங்களெல்லாம் வெள்ளத்தோடு போனதால், மூத்த கட்டடத்துக்கு முதலிடம் என்றது சட்டம். அன்றிலிருந்து ஊர் வேறு மாதிரி ஆகிவிட்டது. குழாயடியில் மூன்று சிணுங்கல் வீட்டார்தான் முதலில் குடம் வைத்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணுக்கு முன்னால் தரையைப் பார்த்தார்கள்.

உப்பளக் காற்றைத் தன் கணவனின் நுரையீரல் தாங்காது என்று எஸ்தருக்குத் தெரியும்.

“எத்தன வருசம்னு சொல்லுதா இது?”

“வருஷமெல்லாம் இதுக்குத் தெரியாதும்மா. எது முன்னாடி, எது பின்னாடி, அவ்வளவுதான்.” விளக்கச் சொன்னால் போதும், கோமதிநாயகம் அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்துவிடுவார். “கட்டில்ல நாலு போர்வை விரிச்சா, மொதல்ல விரிச்சதுதானே அடியில இருக்கும்? பாறை அடுக்கும் அப்படித்தான். யாரும் புரட்டிப் போடாத வரைக்கும் அடியில இருக்கறதுதான் மூத்தது. ஆனா உங்க ஊர்ல எல்லா வீடும் ஒரே மணல்மேல பக்கத்துல பக்கத்துல நிக்குது. அதனால ரெண்டாவது விதி. ஒரு பாறைக்குள்ள இன்னொரு பாறைத் துண்டு கெடந்தா, அந்தத் துண்டுதான் மூத்தது. லட்டு பிடிக்கறதுக்கு முன்னாடியே முந்திரி இருந்திருக்கணும் இல்லையா?”

கருவியின் திரையில், அடுப்படி மூலையில் ஒரு சிவப்புச் சில்லு மின்னியது. எஸ்தருக்குப் புரிந்துவிட்டது. புதுத்தரை போடும்போது பக்கத்து வீட்டுத் தரையில் ஒரு சில்லு கேட்டு வாங்கிக் கலவையில் போடுவது சங்குமேட்டு வழக்கம். உறவுச்சில்லு என்பார்கள். இது சகாயம் வீட்டிலிருந்து வந்தது.

“அப்ப அவம் வீடு மூத்ததா? எங்க கல்யாணத்துல மூக்கு ஒழுக நின்ன பய சார் அவன்!”

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சகாயம் கத்தினான். “மைனி, ஆளுதான் எளசு! தரை மூத்தது!”

“மூணாவது விதி இன்னும் சுவாரஸ்யம்,” என்று தொடங்கினார் கோமதிநாயகம்.

“போதும் சார் பாடம். கடைசி அளவு எப்ப?”

“நாளைக்குக் காலைல.”

அவர் போனதும் எஸ்தர் உளியை எடுத்தாள். சில்லு பிடிவாதமாக இருந்தது; அவளும்தான். அது பெயர்ந்து வந்தபோது அடுத்த வீட்டிலும் உளிச் சத்தம் கேட்டது. அதற்கடுத்த வீட்டில். அப்புறம் எதிர்த்தெருவில். சகாயத்தின் தரைக்குள்ளும் யாரோ ஒருவர் வீட்டுச் சில்லு இருக்கத்தானே செய்யும்.

குழியை மூட ஜல்லி வேண்டும். போன மாதம் கட்டிய அளவை அலுவலகத்தின் பின்னால், அதன் தரை ஓரத்தைச் செதுக்கியபோது உதிர்ந்த சிமெண்ட் சில்லுகள் குவிந்து கிடந்தன. ஆளுக்கொரு சட்டியோடு ஊரே அங்கே வந்திருந்தது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

“என்ன மைனி, அடுப்பு பூசவா?” என்றான் சகாயம்.

“ஆமா. நீ?”

“நானும் அடுப்புதான்.”

மறுநாள் காலை எந்த வீட்டிலும் மூன்று சிணுங்கல் வரவில்லை. எங்கும் இரண்டு. கோமதிநாயகம் எஸ்தரின் அடுப்படியில் ஈரம் காயாத ஒட்டைத் தடவிப் பார்த்தார்.

“மூணாவது விதியக் கேக்காமப் போயிட்டீங்களேம்மா. ஒரு பாறைய எது வெட்டிக்கிட்டுப் போகுதோ, அது அந்தப் பாறையவிட இளசு. நீங்க வெட்டின குழி உங்க தரையவிட இளசு. வேற ஊர்ல இப்படித் தரையத் தோண்டி ஏமாத்தினவங்களால, தரையக் கடைசியாத் தொட்ட நாள்தான் கட்டடத்தோட வயசுன்னு சட்டத்துல எழுதிட்டாங்க. இப்ப ஊர்ல எல்லா வீடும் நேத்துப் பொறந்தது.”

“அப்ப மூத்தது எது?”

அவர் திரையைப் பார்த்தார். ஊரின் ஒவ்வொரு தரைக்குள்ளும் ஒரே இடத்தின் துண்டுகள் மின்னின. உள்ளே கிடக்கும் துண்டே மூத்தது. கருவி எந்தத் தப்பும் செய்யவில்லை.

வீட்டுச் சாமான்களை மேட்டுநகருக்கு ஏற்றிப்போகும் மேடேற்றி வண்டி வாசலில் வந்து நின்றது. அதன் இரும்புக் கைகள் எதிரே இருந்த அளவை அலுவலகத்துக்குள் நீண்டு மேசையைத் தூக்கின.

“நிறுத்து! அது போன மாசம் கட்டினது!” என்று கத்திக்கொண்டே ஓடினார் கோமதிநாயகம். வண்டி அவரைப் பொருட்படுத்தவில்லை. ஒரே ஒரு கட்டடம் கொண்ட பட்டியல் நேராகக் கருவியிலிருந்து அதற்குப் போயிருந்தது.

எஸ்தர் கணவனைத் தோளில் சாய்த்தபடி வாசலுக்கு வந்தாள். அவள் கையில் இன்னும் அந்தச் சிவப்புச் சில்லு இருந்தது. சகாயம் தலையைக் குனிந்துகொண்டு மறுபக்கம் வந்து அவனைத் தாங்கிக்கொண்டான்.

“சார், ஒங்க ஆபீசு தரைக்குள்ள யாரு வீட்டுச் சில்லு கெடக்கு?”

“யாருதும் இல்லம்மா.”

“கட்டும்போது ஒண்ணு கேட்டிருக்கலாமே. இங்க முன்னாடியே ஆளு இருந்துச்சுன்னு ஒங்க மிஷினுக்குத் தெரிஞ்சிருக்கும்.”

கோமதிநாயகம் அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். வண்டி ஒரு மேசையையும் நான்கு நாற்காலிகளையும் ஏற்றிக்கொண்டு, கதவை மூடி, மேட்டுநகருக்குக் கிளம்பியது.