உடையாமல் வந்த ஆறு பாட்டில்கள்

விமான நிலைய பெல்ட்டில் தன் பெட்டி வருவதைப் பார்த்ததும் அவளுக்கு மூச்சே நின்றுவிட்டது...

வெளிர்சாம்பல் நிறத் துணிப் பெட்டி. அதன் ஒரு பக்கம் முழுக்கக் கருஞ்சிவப்பாக நனைந்திருந்தது. இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவளுக்கு வேறென்ன தோன்றும்? இழுத்து இறக்கினாள். அப்புறம்தான் வாடை மூக்கில் ஏறியது. இரத்தம் இல்லை... பீர்.

பின்னாலேயே வந்த இன்னொரு பெட்டி சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டிருந்தது. அதை இறக்கியவன் அங்கேயே தரையில் மண்டியிட்டுத் திறந்தான். எட்டு பாட்டில்கள். ஆறு நொறுங்கிக் கிடந்தன. செய்தித்தாளைச் சுற்றி, பெட்டியின் ஓரமாக வரிசையாய் அடுக்கியிருந்தான், புத்திசாலி.

அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இப்படிக் கட்டுவதற்குப் பதில் ஊரிலேயே போட்டு உடைத்துவிட்டு வந்திருக்கலாமே என்று கேட்டாள். அடுத்தவர் துணிமணியைப் பற்றிக் கொஞ்சமாவது நினைப்பிருக்கிறதா என்று கேட்டாள். மூன்றாவதாக ஏதோ கேட்க வாயெடுத்தபோது அவன் நிமிர்ந்து பார்த்தான்.

அவன் கண்கள் நிறைந்திருந்தன.

பீருக்காகவா ஒரு ஆம்பளை அழுவான்? மூன்றாவது கேள்வியைக் கேட்கவில்லை. பெட்டியை உருட்டிக்கொண்டு வேகமாக வெளியே வந்தாள்.

வெளியே அப்பா நின்றிருந்தார். மகளைப் பார்த்துச் சிரித்தபடி நெருங்கியவர், இரண்டடி தள்ளியே நின்றுவிட்டார். வாடை. அவருடைய ஒரே தம்பி, அவளுடைய சித்தப்பா, குடித்துக் குடித்தே முப்பத்தாறு வயதில் போனவர். அன்றிலிருந்து அந்த வாடை அடித்தால் அப்பா தெருவையே மாற்றி நடப்பவர். அவள் விளக்கம் சொல்வதற்குள், அவன் மூச்சிரைக்க ஓடிவந்து, உடைந்தது தன் பாட்டில்தான், உங்கள் மகள் மேல் எந்தத் தப்பும் இல்லை என்று சொன்னான். அவன் சட்டையிலும் அதே வாடை. அப்பா திரும்பி நடந்தார். கார்க் கண்ணாடியையெல்லாம் இறக்கிவிட்டு வீடு வரை அப்படியே ஓட்டினார்.

நாலு நாள் கழித்து, பரிசோதனைக் கூடத்தின் ஜன்னலுக்கு வெளியே அவன் நின்றான். பெட்டியில் தொங்கிய அட்டையில் அவள் வேலை செய்யும் இடம் எழுதியிருந்ததைப் பார்த்தானாம். மன்னிப்புக் கேட்க வந்திருப்பான் என்று அவள் நினைத்தாள். அவன் கேட்டதோ, பாட்டிலை எப்படிக் கட்டுவது என்று.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. என்ன துணிச்சல்...

அப்புறம்தான் அவன் சொன்னான். அவன் குடிப்பதில்லை. கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான், கண் பார்த்து மூக்குக்கண்ணாடி செய்து தருபவன். அவன் அம்மாதான் பீர் ஆலையில் முப்பது வருஷம் பீர் காய்ச்சியவர். மோந்து பார்த்தே எந்தத் தொட்டி எத்தனை நாளானது என்று சொல்லிவிடுவாராம். ஒரு காய்ச்சலுக்குப் பின் மூக்கு செத்துவிட்டது. சாம்பாருக்கும் சோப்புக்கும் வித்தியாசம் தெரியாது. கடைசியாக அவர் மூக்கை நம்பிக் காய்ச்சிய கருஞ்சிவப்பு பீர்தான் அந்த எட்டு பாட்டில். ஆலையில் இன்னும் ஆறுதான் மிச்சம், அதை எடுத்துவரத்தான் மறுபடி போகிறான்.

 அவளுக்கு அன்றைக்குத் திட்டிய திட்டெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது.

"கண்ணாடிக் கடைக்காரரா இருந்துக்கிட்டு கண்ணாடியைக் கட்டத் தெரியலையே..." என்றாள் கடைசியில்.

"நான் கட்டுறதெல்லாம் மூக்கு மேல உட்காரும்ங்க. பெட்டியில போகாது."

சிரிக்கக் கூடாதென்று நினைத்தும் சிரித்துவிட்டாள்.

மதிய இடைவேளையில் காலி மருந்து பாட்டில்களை வைத்துக் காட்டிக்கொடுத்தாள். இரத்தக் குப்பிகளை வெளியூருக்கு அனுப்புகிற அதே முறைதான். மூடிமேல் டேப். ஒவ்வொன்றும் தனித்தனி ஜிப் பைக்குள். உடன் ஒரு குழந்தை டயப்பர், உடைந்தாலும் உறிஞ்சிக்கொள்ளும். மேலே தடித்த சாக்ஸ். பெட்டியின் நடுவில், நாலு பக்கமும் துணி. ஒன்றோடொன்று இடிக்கக் கூடாது. மூடிவிட்டு ஆட்டிப் பார்த்தால் உள்ளே சத்தம் கேட்கக் கூடாது.

மறுநாளும் வந்தான், சந்தேகம் கேட்க. அதற்கு மறுநாளும். டயப்பரில் ஒருவனுக்கு எத்தனை சந்தேகம்தான் வரும்? அவன் பேசும்போது நேராகக் கண்ணைப் பார்ப்பான். தொழில் பழக்கம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்... நம்பத்தான் முடியவில்லை.

பத்தாவது நாள், சித்தப்பாவைப் பற்றிச் சொன்னாள். அந்த பீர் பாட்டில்காரன் நம் வாசல் மிதிக்கக் கூடாது என்று அப்பா சொன்னதையும் சொன்னாள். அவன் முகம் வெளுத்தது. தலையாட்டிவிட்டுப் போனவன்தான். அப்புறம் வரவேயில்லை.

ஒரு வாரம். இரண்டு வாரம்... ஆறு பாட்டிலும் உடையாமல் வந்து சேர்ந்தன, நன்றி என்று ஒரே ஒரு குறுஞ்செய்தி. அவ்வளவுதானா? நானாக ஏன் கூப்பிட வேண்டும் என்று போனைக் கவிழ்த்து வைத்தாள். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை நிமிர்த்தியும் பார்த்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை வேலை முடிந்து, மழையில் நனைந்து வீட்டுக்குள் நுழைந்தவள் கதவோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டாள். கூடத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார். எதிரே, அவன்.

அப்பாதான் பேசினார். "ரெண்டு மணி நேரமா உட்கார்ந்திருக்கார். உன்னைக் கல்யாணம் பண்ணிக்கணுமாம். நாலு தடவை முடியாதுன்னு சொல்லிட்டேன்."

அவளுக்குக் காது அடைத்துக்கொண்டது.

"அப்புறம் ஏன் முதல்ல என்கிட்ட வந்தீங்கன்னு கேட்டேன். உங்களுக்குத் தெரியாம அவங்ககிட்ட சொன்னா, நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல அவங்க நிக்க வேண்டி வரும், அது வேண்டாம்னு சொல்றார்." அப்பாவின் குரல் கொஞ்சம் இறங்கியது. "என் தம்பியைப் பத்தியும் கேட்டார். குடியைப் பத்தி இல்ல. அவன் எப்படிப்பட்டவன்னு. இத்தனை வருஷத்துல யாரும் என்கிட்ட அப்படிக் கேட்டதில்ல."

எழுந்து, துண்டை எடுத்து மகளிடம் கொடுத்தார். "உன்கிட்ட இன்னும் சொல்லவே இல்லையாமே. முதல்ல அதை முடிங்க." உள்ளே போய்விட்டார்.

மழைச் சத்தம் மட்டும்...

"எனக்கு முன்னாடி அப்பாகிட்டயா?" கோபமாகக் கேட்க நினைத்தாள். குரல் உடைந்து வந்தது.

"அவர்கிட்ட சொல்றது சுலபமா இருந்துச்சு. அவர் முடியாதுன்னா, நாளைக்கும் வந்து கேட்கலாம். நீங்க முடியாதுன்னு சொல்லிட்டா... வர முடியாதே."

அவள் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று தெரியாமல் அவன் தவித்து எழுந்தான்.

"உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு," என்றான், தரையைப் பார்த்து.

"கண்ணைப் பார்த்துச் சொல்லுங்க."

பார்த்தான். சொன்னான். அவள் காதில்கூட விழவில்லை. "எனக்கும்" என்று அதற்குள் சொல்லி முடித்திருந்தாள்.