மூச்சுக்கோடு

ஏழாவது ஆள் இடது காதைத் தொட்டான்.

அரிகிருஷ்ணன் ஆட்டத்தின் கைப்பிடியை அசைக்காமல் திரையையே பார்த்தார். அது ஒரு பழைய கறுப்பு வெள்ளை டிவி. அதில் ஆள் என்றால் பத்துப் பன்னிரண்டு வெள்ளைச் சதுரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது, அவ்வளவுதான்; மூக்கும் கிடையாது, முழியும் கிடையாது. எதிர்ப்பக்கம் நின்ற ஏழு பேரில் கடைசி ஆளின் கைச்சதுரம் மட்டும் மெதுவாக மேலே போய், தலைச்சதுரத்தின் ஓரத்தைத் தொட்டு, ஒரு கணம் அங்கேயே இருந்துவிட்டு இறங்கியது. மற்ற ஆறு பேரும் ஒன்றும் நடக்காதது போல இடமும் வலமுமாக ஆடிக்கொண்டிருந்தார்கள்.

“இன்னாண்ணே, மூச்சு இருக்கும்போதே நின்னுட்டீங்க?” என்றான் தேவதாஸ்.

“அந்தக் கடைசி ஆளு காதைத் தொடுறான் தம்பி. நீங்க போட்டதா?”

தேவதாஸ் சிரித்தான். “ஏழு பேரும் ஒரே ஆளுதாண்ணே. ஒரு படத்தை ஏழு தடவை காட்டுறேன், அவ்ளோதான். ஒருத்தனுக்கு மட்டும் காது சொறிய வெக்க இந்தப் பொட்டியில இடம் ஏது?”

எண்பத்தேழாம் வருஷத்துக் கத்திரி வெயில். தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையில் கடைசி வரிசையில் இருந்தது தேவதாசின் ஷெட்டு. ஸ்டெபிலைசர் செய்து விற்பது பிழைப்பு. பாரிசில் இருக்கும் மாமா அனுப்பிய கம்ப்யூட்டரில் கபடி ஆட்டம் செய்வது பைத்தியம். வெள்ளைக்காரன் டென்னிஸ் போட்டிருக்கிறான், கார் பந்தயம் போட்டிருக்கிறான், கபடி யார் போடுவது என்பது அவன் கட்சி. ஆனால் அவனுக்குக் கபடியில் ஆனா ஆவன்னா தெரியாது. அதனால்தான் முதலியார்பேட்டையில் விசாரித்து, ஒரு காலத்தில் மில் டீமுக்குப் பிடிகாரராக இருந்த அரிகிருஷ்ணனைத் தேடிப் பிடித்தான்.

வேலை இதுதான்: ஆடிப் பார்க்க வேண்டும், எது நிஜம் போல இருக்கிறது, எது இல்லை என்று சொல்ல வேண்டும். மில் மூடி இரண்டு வருஷமாக வீட்டில் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்த மனிதருக்கு இது கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி. ஆட்டம் பொருட்காட்சிக்குத் தேறிவிட்டால் வேலை நிரந்தரம் என்று தேவதாஸ் வாக்குக் கொடுத்திருந்தான். அன்று காலையில் கூட மனைவி தனக்கொடி, “இதையாச்சும் கெட்டியா புடிச்சிக்க. வாய வெச்சிக்கினு சும்மா இரு” என்று சொல்லித்தான் அனுப்பினாள்.

மூன்று வாரமாக அவர் சொல்லச் சொல்ல ஆட்டம் மாறியது. முதல் நாள், பாடிப் போகிறவன் ஏழு பேருக்கும் முதுகைக் காட்டித் திரும்பினான்; அவர் தலையில் அடித்துக்கொண்டார். மூலையில் நிற்பவன் கணுக்காலைத்தான் பிடிப்பான் என்றார், இரண்டு பேர் கைகோத்து மடக்குவார்கள் என்றார், பிடிபட்டவனுக்கு மூச்சு இரண்டு மடங்கு வேகத்தில் தீரும் என்றார். திரையின் மேல்பக்கம் ஒரு வெள்ளைக்கோடு இருந்தது. அதுதான் பாடுகிறவனின் மூச்சு. டிக், டிக் என்று ஸ்பீக்கர் சத்தம் போடப் போட அந்தக் கோடு குறையும்; தீர்வதற்குள் நடுக்கோட்டைத் தொட வேண்டும். ஆட்களின் அளவு சரியாக வரவேண்டும் என்று தேவதாஸ் ஷெட்டின் சிமெண்டுத் தரையிலேயே சாக்பீசால் கபடிக் களம் போட்டிருந்தான். அவர் அதில் பிடித்துக் காட்டுவார், அவன் கட்டம் போட்ட தாளில் வரைந்துகொள்வான்.

“நெசமா இருந்தா மட்டும் போதாதுண்ணே, ஆடவும் முடியணும்” என்பான் அவன். “பசங்க ஆசையா உள்ள போறாங்க, போனதும் அமுக்கிட்டா மறுபடி வருவாங்களா?”

“கபடின்னா அமுக்கத்தான் செய்வாங்க தம்பி.”

எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தார். ஒன்றைத் தவிர.

“பொருட்காட்சி கிருஷ்ணசாமி சாரைக் கூட்டியாறேன், அரை மணி நேரம்” என்று தேவதாஸ் எழுந்தான். “அதுக்குள்ள ஒரு தடவை ஆடி முடிச்சிருங்க. தப்பு ஏதாச்சும் இருந்தா இப்பவே சொல்லிருங்கண்ணே. அவர் முன்னாடி மானம் போவக்கூடாது.”

காதைத் தொடுபவன் யாரென்று அரிகிருஷ்ணன் அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால், அவனை எப்படித் தெரியும் என்ற கேள்வி வரும். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்.

“ஒண்ணுமில்ல தம்பி. எல்லாம் சரியா இருக்குது.”

வெயில் விழுந்தால் திரை தெரியாது என்பதால் தேவதாஸ் ஷட்டரை முழுக்க இறக்கினான். போன மாதம் சாமான் திருடு போனதிலிருந்து வெளியே பூட்டும் போடுவான். பூட்டு விழுந்த சத்தம், ஸ்கூட்டர் உதைபட்ட சத்தம், அப்புறம் கூரைத் தகடு வெயிலில் நெளியும் சத்தம். ஈயம் பற்றவைத்த புகையும் சூடேறிய தூசியும் கலந்து மூக்கில் ஏற, திரையின் சாம்பல் வெளிச்சம் மட்டும் மேஜையிலும் கைப்பிடியிலும் தரையில் சாக்பீஸ் கோட்டின் ஒரு முனையிலும் படிந்திருக்க, அரிகிருஷ்ணன் வேட்டியை மடித்துக்கொண்டு ஆட உட்கார்ந்தார்.

ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். திரையில் தன் ஆள் நடுக்கோட்டைத் தாண்டியதுமே அவர் வாய் தானாக “கபடி கபடி” என்று முணுமுணுக்கத் தொடங்கிவிடும். மூச்சும் கூடவே நின்றுவிடும். தேவதாஸ் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

முதல் தடவை போனார். ஏழாவது ஆள் காதைத் தொட்டான். இடுப்பைப் பிடித்தான். அவுட்.

இரண்டாவது தடவை ஒருவனைத் தொட்டுத் திரும்பினார். செத்தவன் வெளியே போனான். அடுத்து அவர் பக்கம் ஒருவன் பிடிபட்டதும், விதிப்படி அந்தச் செத்தவனுக்கு உயிர் வந்தது. களத்துக்குள் நடந்து வந்தான். ஏழாவது இடத்தில் போய் நின்றான். காதைத் தொட்டான்.

யாரைத் தொட்டு அனுப்பினாலும், உயிர் பெற்றுத் திரும்புகிறவன் காதைத்தான் தொட்டான். ஐந்தாவது தடவையில் ஏழு பேரும் தொட்டார்கள்.

பிள்ளைச்சாவடி கன்னியப்பன் அப்படித்தான் தொடுவான். பாடப் போகுமுன் ஒரு முறை. பிடிக்க நிற்கும்போது ஒரு முறை. காதில் கடல்தண்ணீர் நின்றுவிட்டது போல விரலை வைத்து எடுப்பான். அவனைப் போலப் பாட அந்தக் கரையோரத்தில் ஆளில்லை. கடலுக்குள் மூழ்கி எழும் நெஞ்சு, மூச்சு தீரவே தீராது. பதிமூன்று வருஷத்துக்கு முன், மாசி மகத்துக்குக் கடற்கரை மணலில் நடந்த போட்டியில், மில் டீம் ஏழு பேரும் அவன் மேல் விழுந்தார்கள். டாக்டர் இதயம் நின்றுவிட்டது என்றார். ஊர், விதி என்றது. அவன் பெண்டாட்டி குஞ்சம்மாள் மணலில் புரண்டு அழுதபோது அவளைத் தூக்கி நிறுத்தியவர்களில் அரிகிருஷ்ணனும் ஒருவர்.

கைப்பிடி வழுக்கியது. கை வியர்த்திருந்தது. திரையில் அவர் ஆள் மீண்டும் பிடிபட்டான். ஏழு பேரும் அவன் மேல் விழுந்து ஒரு வெள்ளைக் குவியலானார்கள். அந்தக் குவியலிலிருந்து இரண்டு சதுரங்கள் மட்டும் தனியாகப் பிரிந்து நகர்ந்தன. கீழே கிடந்தவனின் தலைக்கு வந்தன. முகத்தின் மேல் உட்கார்ந்தன.

அதை அவர் சொல்லிக் கொடுக்கவில்லை. அது ஆட்டத்திலேயே கிடையாது. பாடுகிறவன் வாயைப் பொத்துவது தப்பு. நடுவர் பார்த்தால் வெளியே அனுப்பிவிடுவார். ஆனால் ஏழு பேர் குவிந்து கிடக்கும்போது அடியில் யார் கை எங்கே இருக்கிறது என்று எந்த நடுவருக்குத் தெரியும்? தீராத மூச்சைத் தீர்க்க வேறு வழி இல்லை. அன்று அந்தக் குவியலுக்குள் அரிகிருஷ்ணன் தன் உள்ளங்கையை அவன் வாயோடு மூக்கோடு சேர்த்து அழுத்தினார். கன்னியப்பன் மணலை மூன்று முறை தட்டினான். விட்டுவிடு என்று அதற்கு அர்த்தம். அது அவருக்குத் தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது. ஆனாலும் கையை எடுக்கவில்லை. கோப்பை வேண்டியிருந்தது.

அரிகிருஷ்ணன் எட்டிக் கம்ப்யூட்டர் சுவிட்சை அணைத்தார். டிவியையும் அணைத்தார். திரை சுருங்கி ஒரு புள்ளியாகி மறைந்தது. இருட்டு.

டிக். டிக். டிக்.

சத்தம் ஸ்பீக்கரிலிருந்து வரவில்லை. கம்ப்யூட்டரில் ஆட்டத்தை ஏற்றும் டேப் ரிக்கார்டரிலிருந்தும் இல்லை. இரண்டையும் தடவிப் பார்த்தார், எதுவும் ஓடவில்லை. சத்தம் ஷெட்டின் நடுவிலிருந்து வந்தது. கேட்கக் கேட்க அது டிக் என்றும் இல்லை. தாழ்ந்த குரலில், இழுத்து இழுத்து, ஒரே மூச்சில் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள்.

ஈய வாசனை போய்விட்டிருந்தது. ஈர மணல் வாசனை. காய்ந்த மீன். உப்பு ஏறிய வியர்வை.

“தேவதாசு தம்பி!” என்று கத்தினார். கத்திரி வெயிலில் அந்த வரிசையில் ஒரு காக்கா கூட இருக்காது.

ஷட்டரின் அடியில் ஒரு விரல் அகலத்துக்கு வெளிச்சம் இருந்தது. அதுவரை போனால் தகட்டைத் தட்டலாம், தூரத்தில் போகிறவர் காதிலாவது விழும். பத்துப் பன்னிரண்டு எட்டுதான். அவர் மேஜை ஷெட்டின் உள்கோடியில் இருந்தது, ஷட்டர் எதிர்க்கோடியில். நடுவே தரையில் சாக்பீஸ் களம். அந்த மெல்லிய வெளிச்சத்தில் நடுக்கோடு மட்டும் தெரிந்தது. அப்போதுதான் உறைத்தது: இத்தனை நாளும் அவர் உட்கார்ந்திருந்தது எதிராளியின் பக்கம்.

வேறு யாராக இருந்தாலும் தலைதெறிக்க ஓடியிருப்பார்கள். ஓடியிருந்தால் ஒருவேளை ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் பன்னிரண்டு வயதிலிருந்து மணலில் புரண்ட உடம்பு அது. எதிர்ப்பக்கத்தில் நின்றுகொண்டு நடுக்கோட்டைப் பார்த்தால் அதற்கு ஒன்றுதான் தெரியும். அரிகிருஷ்ணன் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துப் பிடித்தார். குனிந்தார்.

“கபடி கபடி கபடி...”

அந்தக் குரல் நின்றது.

அவர் ஆட்டத்துக்குள் வந்துவிட்டார்.

மூலையில் ஏதோ அசைந்தது. முதுகைக் காட்டாமல் பக்கவாட்டில் நகர்ந்தார். மூன்று எட்டு. நாலு. பாட்டை விடவில்லை. கணுக்காலில் ஈரமாக ஒன்று பட்டது. உதறினார். இன்னொரு எட்டு. இடுப்பு. குளிர்ந்த கை, மணல் ஒட்டிய கை. இழுத்துக்கொண்டே போனார். கோடு தெரிகிறது. கைகோத்து மடக்கினார்கள். குப்புற விழுந்தார். கன்னம் சிமெண்டில் மோதியது. முதுகில் ஒருவன். இன்னொருவன். இன்னும்.

கையை நீட்டினார். ஒரு சாண் குறைவு.

கபடி கபடி கபடி.

உள்ளங்கை ஒன்று வந்தது. அவசரமில்லாமல். வாயை மூடியது. மூக்கை மூடியது.

தட்டினார். ஒன்று. இரண்டு. மூன்று.

கை எடுக்கப்படவில்லை.

பூட்டு திறந்தது. ஷட்டர் கடகடவென்று பாதி வரை ஏறியது. வெளிச்சம் கண்ணைக் குத்தியது. இரண்டு ஜோடிக் கால்கள் வாசலில் நின்றன.

“அண்ணே?” வெயிலிலிருந்து வந்த கண் இருட்டுக்குப் பழகாமல் தேவதாஸ் குனிந்து பார்த்தான். “தூங்கிட்டாரு. வெயிலுக்குச் சிமெண்டுத் தரை ஜில்லுனு இருக்கும் சார், பாவம், கொஞ்சம் கெடக்கட்டும்.”

திரை தெரிய ஷட்டரை மறுபடி இறக்கிவிட்டு, அவரைத் தாண்டி இருவரும் உள்ளே போனார்கள். தேவதாசின் செருப்பு அவர் விரல்களுக்குப் பக்கத்தில் மிதித்துப் போனது. தலையைத் திருப்ப முடியவில்லை. கண்ணைத் திருப்ப முடிந்தது.

திரை எரிந்துகொண்டிருந்தது.

“அட!” என்றான் தேவதாஸ். “இத நான் போடவே இல்ல சார். அண்ணன் எதையோ அமுக்கி வரவெச்சிருக்காரு. பாருங்க, ஏழு பேரும் எப்டி அமுக்கியிருக்கானுங்க!”

“நெசம் மாதிரியே இருக்குதேய்யா” என்றார் கிருஷ்ணசாமி. “அடியில கெடக்கறவன் கை மட்டும் தரையத் தட்டுது பாரு. அது இன்னா?”

“அவனுக்கு இன்னும் மூச்சு இருக்குதுன்னு அர்த்தம் சார்.”

“இது எப்ப முடியும்?”

“மேல ஒரு வெள்ளைக்கோடு இருக்குது பாருங்க, அது தீர்ந்தா முடிஞ்சிரும். இன்னும் ஒரே ஒரு புள்ளிதான். இப்ப தீர்ந்துரும்.”

அந்தப் புள்ளி தீரவில்லை. கிருஷ்ணசாமி முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தேவதாஸ் மேஜை விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்தான். பின்னால் தரையை யாரோ மெல்லத் தட்டும் சத்தம் திரையிலிருந்துதான் வருகிறது என்று எண்ணி, இருவரும் முதுகைக் காட்டிக்கொண்டு அது முடியட்டும் என்று காத்திருந்தார்கள்.