உர்சுலாவின் பெயருக்கு மட்டும்

சிங்கப்பூரின் தேக்காவில் ஒரு தையல்கடையின் மேல்மாடியில் அஹமது கபீரின் அலுவலகம். கணினிக் கோளாறுகளுக்குக் காரணம் கண்டுபிடிப்பது அவர் தொழில். சிலுவைராஜ் அவருடைய உதவியாளன். 1984இல் ஒரு காலை, உர்சுலா என்ற இளம்பெண் ஒரு மருந்துப் புட்டியை அவர் மேசைமேல் வைத்தாள்.

"ஆஸ்பத்திரி ஃபார்மசியில புதுசா சேர்ந்தேன் சார். சின்னப் பிள்ளைக்குக் காய்ச்சல் மருந்து, அஞ்சு மில்லி. அஞ்சுன்னுதான் அடிச்சேன். லேபிளைப் பாருங்க."

'5 டீஸ்பூன்' என்று அச்சாகியிருந்தது. ஒரு டீஸ்பூன் என்பது ஐந்து மில்லி; ஐந்து மடங்கு! பிள்ளையின் தாய் சந்தேகப்பட்டுக் கேட்டதால் விபரீதம் நடக்கவில்லை. உர்சுலாவின் கவனக்குறைவு என்று சொல்லி அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

"டீஸ்பூன்னு நீங்களா அடிச்சீங்க?" என்றார் கபீர்.

"இல்ல சார். நம்பர் மட்டும்தான். மத்ததை புரோகிராமே போடும்."

"அப்ப அந்த வார்த்தை உங்களோடது இல்ல. வாங்க, போவோம்."

குவீன்ஸ்டவுனில் இருந்த அந்த ஆஸ்பத்திரியின் கணினி அறைக்குப் பொறுப்பாளர் கோவிந்தசாமி. கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் அலமாரி உயரத்தில் ஒரே இயந்திரம். கட்டடம் முழுக்க இருந்த திரைகளுக்கெல்லாம் அதுதான் மூளை.

"எத்தனை பேர் கூப்பிட்டாலும் மெமரியில புரோகிராம் ஒரே பிரதிதான் சார். எல்லாரும் அதைத்தான் பகிர்ந்துக்கிறாங்க. ஆனா ஒருத்தர் நம்பர் இன்னொருத்தர் நம்பரோட கலக்காது," என்றார் கோவிந்தசாமி.

சிலுவைராஜ் வாயைப் பிளந்தான். "ஒரே பிரதின்னா தப்பும் எல்லாருக்கும்தானே வரணும்? இவங்களுக்கு மட்டும் எப்படி சார்?"

கபீர் அவர்களை ஃபார்மசிக்கு அழைத்துப்போனார். அங்கே உர்சுலாவின் சக ஊழியர் நூர்தீனின் திரையில், அவளைத் தன் பெயரில் நுழைந்து ஐந்தை அடிக்கச் சொன்னார். டீஸ்பூன் வந்தது. அவள் திரையில் நூர்தீன் நுழைந்தார். மில்லி வந்தது.

"கோளாறு திரையில இல்ல, விரல்லயும் இல்ல. பெயரோடவே போகுது," என்றார் கபீர் கணினி அறைக்குத் திரும்பியதும். "எல்லாரும் ஓட்டுற பிரதியை இவங்க ஓட்டலை. அதே பெயர்ல இன்னொரு புரோகிராம் இருக்கு. இயந்திரம் ஒவ்வொருத்தருக்கும் குறிச்ச வரிசைப்படி, புரோகிராம்களை அடுக்கி வச்சிருக்கிற லைப்ரரிகள்ல தேடும். முதல்ல கண்ணில் படுறதை எடுத்துக்கும். இவங்க வரிசையில முதல்ல இருக்கிறது எது, கோவிந்தசாமி?"

அவர் தட்டிப் பார்த்தார். முகம் வெளிறியது. "பயிற்சி லைப்ரரி... மில்லிக்கு மாறுறதுக்கு முன்னாடி இருந்த பழைய புரோகிராம் அதுலதான் கிடக்கு. பயிற்சி முடிஞ்சதும் உங்க வரிசையிலிருந்து அதை நான்தான் எடுத்திருக்கணும். மன்னிச்சிடும்மா."

அதை நீக்கினார். உர்சுலா மறுபடி நுழைந்து ஐந்தை அடித்தாள். மில்லி என்றே வந்தது.

அவள் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த இயந்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இவ்வளவு பேரைத் தனித்தனியா ஞாபகம் வச்சிருக்கு. சொன்னதை அப்படியே செஞ்சிருக்கு," என்றாள் மெல்ல. சட்டென்று திரும்பினாள். "என் பெயர்ல மட்டும்தானா சார்?"

கோவிந்தசாமி மற்ற பெயர்களைத் தேடினார். ஒரு பெயரில் அவர் விரல் நின்றது.

"மதலேனா. இவங்களோட பயிற்சி முடிச்சவங்க. நாளைக்குக் காலையில குழந்தைகள் வார்டுக்கு மருந்து போட வர்றாங்க."

அவர் அந்தப் பெயரிலிருந்தும் பயிற்சி லைப்ரரியை நீக்கினார்.