பெட்டிக்குள் போன ஆக்டோபஸ்

பள்ளி நூலகத்துக்குள் நுழைந்ததுமே கடுகுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

கடுகு என்பது வகுப்பில் வைத்த பட்டப்பெயர். ஆள் துளியூண்டுதான். ஆனால் சூடேறினால் படபடவென்று பொரிந்துவிடுவாள்.

நூலக டீச்சர் புத்தகங்களை இரண்டாகப் பிரித்துக்கொண்டிருந்தார். ‘நல்லவை’ கண்ணாடி அலமாரிக்கு. ‘கழிவு’ என்று எழுதி ஒட்டிய அட்டைப்பெட்டிக்கு மற்றவை. அந்தப் பெட்டியில், எல்லாவற்றுக்கும் மேலே, ஆக்டோபஸ் கதைப் புத்தகம்!

நேற்றுதான் அறுபதாம் பக்கம் வரை படித்திருந்தாள். பாவம், ஆக்டோபஸ் இன்னும் வலையில்தான் மாட்டிக்கொண்டிருந்தது.

“டீச்சர், இது எப்படிக் கழிவாகும்?”

“முன் அட்டையே இல்லம்மா. பழைய பேப்பர்காரர் வந்துட்டே இருக்கார்.”

“உள்ளே ஒரு பக்கம்கூடக் குறையலியே!”

“கிழிஞ்சா கழிவு, கிழியலைன்னா நல்லது. அவ்வளவுதான்.”

கடுகுக்கு மூக்கு விடைத்தது. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். யாராவது வீட்டுக்கு எடுத்துப் போனால் தேதி முத்திரை குத்தும் தாள் அங்கே ஒட்டியிருந்தது. எண்ணினாள். நாற்பத்திரண்டு முத்திரை!

பிறகு ‘நல்லவை’ அலமாரியிலிருந்து பளபளக்கும் தடிப் புத்தகம் ஒன்றை இழுத்தாள். அதன் தாளில் ஒரு முத்திரைகூட இல்லை.

“பாருங்க டீச்சர்! யாருமே தொடலை, அதனால இது நல்லதாம். எல்லாரும் படிச்சாங்க, அதனால அது கழிவாம். இது என்ன நியாயம்?”

டீச்சர் பெட்டியிலிருந்து இன்னொரு புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். முப்பத்தெட்டு. அடுத்ததில் ஐம்பத்தொன்று.

“அடக் கடவுளே” என்றவர், மேசை டிராயரிலிருந்து பசையையும் பழுப்புத் தாளையும் எடுத்தார். “வா, அட்டை போடலாம்.”

பெட்டி காலியானது. கடுகு ஒரு தாளில் ‘எல்லோரும் படித்தவை’ என்று கொட்டை எழுத்தில் எழுதி, வாசலுக்கு நேரே இருந்த அலமாரியில் ஒட்டினாள். கண்ணாடி அலமாரியையும் விடவில்லை. அதில் இருந்த ‘நல்லவை’ என்ற சீட்டைக் கிழித்துவிட்டு, ‘இன்னும் யாரும் படிக்காதவை’ என்று ஒட்டினாள்.

பேப்பர்காரர் சாக்கோடு வந்து நின்றார். “எனக்கு வெறும் பெட்டிதானா?”

“ஆமா மாமா!” என்றாள் கடுகு, ஆக்டோபஸை மார்போடு அணைத்தபடி.

அவர் புத்தகத்தை எட்டிப் பார்த்தார். “அட, இதுவா! போன வருஷம் என் பொண்ணு வீட்டுல வாசிச்சுக் காட்டினா. கடைசியில அந்த ஆக்டோபஸ் என்ன பண்ணும் தெரியுமா…”

“சொல்லாதீங்க!” என்று கத்திக்கொண்டே, காதைத் தோளில் புதைத்துக்கொண்டு, கடுகு வெளியே ஓடினாள்.