அடித்தண்ணீர்

அரை மணி நேரமாய்க் கயிற்றில் புட்டியை இறக்கிவிட்டு, வாய்க்கால் தெளியக் காத்திருந்தாள் அம்சம். அந்த நேரம் பார்த்துத்தானா ஒருத்தன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிச் சேற்றுக்காலைக் கழுவ வேண்டும்?

“ஏங்க, தண்ணியக் கலக்காதீங்க.”

அவன் நிமிர்ந்தான். தூறல் தங்கிய இமைகள்... அவற்றுக்குக் கீழே சிரிக்கிற கண்கள்.

“வாய்க்கா உங்க பேருல பட்டாவா?”

வந்ததே கோபம் அவளுக்கு. மேல் தண்ணீரைக் கையால் அள்ளிக் குடிக்கச் சொன்னாள். குடித்தான். பிறகு புட்டியை இழுத்து, அதிலிருந்த அடித்தண்ணீரை அவன் உள்ளங்கையில் ஊற்றினாள். வாயில் வைத்தவன் தூவென்று துப்பினான். ஒரே உப்பு.

கடல் இரண்டு மைல்தான். கனத்த உப்புத் தண்ணீர் ஆற்றுத் தண்ணீருக்கு அடியில் புகுந்து, சத்தமில்லாமல் உள்ளே ஏறிவிடும். கடைமடைக்காரர்களுக்குத் தெரிந்த இந்தச் சங்கதி, கடலை விட்டுத் தள்ளி பாபநாசத்திலிருந்து வந்தவனுக்கு எப்படித் தெரியும்? பெயர் துரைராசு, நிலம் பார்க்க வந்தேன் என்றான். வாங்க வந்தவன் என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள்.

அடுத்த நான்கு நாளும் அவன் நிலம் பார்க்கத்தான் வந்தான்... அவள் நின்ற மதகடியை விட்டு நகராமல். கோவாவில் கடல் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை, டிசம்பரில் கப்பலேறித் தென்துருவம் போகிறேன், புட்டி ஒழுங்காக மூடுகிறதா என்று பார்க்கத்தான் இந்த வாய்க்கால் என்று அவள் சொன்னபோது, வாயைப் பிளந்தான்.

அங்கே நிலத்திலிருந்து வழுக்கி வந்த பனி, கடல்மேல் பந்தல் போட்டாற்போல மைல் கணக்கில் மிதக்கும். வெயிலில் கரையும் என்று அவன் நினைத்தான். இல்லை, அடியில்தான் அதற்கு வினை என்றாள். வெளிக்கடலின் ஆழத்திலிருந்து உப்புத் தண்ணீர் தரையோடு தரையாக உள்ளே நுழையும். நமக்குச் சில்லென்று இருந்தாலும் பனிக்கு அது வெந்நீர், அடியிலிருந்து தின்றுவிடும். கரைந்த நல்ல தண்ணீர் மேலே ஏறி வெளியே வரும். கடல் உறையும்போதோ உப்பைத் துப்பிவிடும். அந்த உப்பு சேர்ந்து கனத்த குளிர்ந்த தண்ணீர் ஆழத்தில் இறங்கி, நம் வங்காள விரிகுடாவின் அடிவரைக்கும் ஊர்ந்து வரும்.

“இங்க வந்து சேர எத்தன நாளாவும்?”

“நூறு நூறா வருசம் ஆவும்.”

“மேட்டூர் தண்ணியே தேவலாம் போலருக்கே.”

சிரித்துவிட்டாள். இருபத்தாறு வயதுவரை அவள் சொல்வதை யாரும் இப்படிக் கண் கொட்டாமல் கேட்டதில்லை... கேட்கத் தெரிந்தவனிடம் மனசு போகாமல் வேறு எங்கே போகும்?

நுணலும் தன் வாயால் கெடும். ஐந்தாம் நாள் நல்ல மழை. ஒரே குடைக்குள் நின்றபோது, அந்தப் பனியைப் பற்றித்தான் மறுபடி பேச்சு.

“மேல பாத்தா மலையாட்டம் கெட்டியா நிக்கும். அடியில ஒண்ணும் இருக்காது... எங்கப்பா ரசீது மாதிரி.”

என்ன ரசீது என்றான். சிரித்தபடியே சொன்னாள். அப்பா ஐயாவு முப்பது வருஷமாகக் குத்தகைக்கு உழும் மூன்று மா நிலத்தை விட்டு வெளியேறச் சொல்லி மிராசுதார் வைரக்கண்ணு கேஸ் போட்டிருக்கிறார். குத்தகைக்காரனைப் பதிய வேண்டும் என்று சட்டம் வந்து பதினைந்து வருஷம். இரண்டு வீட்டு வாசலிலும் பறப்பது ஒரே கட்சியின் கொடி. இருந்தும் அப்பா பெயர் பதிவேட்டில் ஏறவில்லை. குத்தகை அளந்த ரசீதெல்லாம் பெட்டியில் இருக்கிறது என்று அப்பா போட்ட போட்டில்தான் மிராசுதார் சமாதானத்துக்கு இறங்கி வருகிறார். உண்மையில் மிராசுதார் ரசீது தருவதை நிறுத்திப் பல வருஷம், பழைய ரசீது இருந்த பெட்டியோ எழுபத்தேழாம் வருஷப் புயலிலேயே போய்விட்டது. அது தெரிந்தவர்கள் அப்பா, அம்மா, அவள்... மூன்றே பேர்.

துரைராசு சிரிக்கவில்லை. மழை வலுக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனான். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

பத்தாம் நாள் கோர்ட்டில் மிராசுதாரின் வக்கீல் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். ரசீதைக் காட்டட்டும். ஐயாவு திரும்பி மகளைப் பார்த்தார். அவள் பார்த்துக்கொண்டிருந்தது மிராசுதாரின் பக்கத்தில், அதே மூக்கும் அதே நெற்றியுமாகத் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தவனை. கேஸ் தோற்றது. நட்டு ஒரு மாதமான சம்பாவோடு நிலமும் போயிற்று. அப்பா அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு அறை விட்டிருந்தாலும் தாங்கியிருப்பாள்.

கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் அவள் கோவாவுக்குக் கிளம்பிய அன்று, நனைந்துகொண்டே ஜன்னலோரம் வந்து நின்றான் அவன்.

“யாரு மகன்னு மொத நாளே சொல்லியிருக்கலாம்” என்றாள்.

“அன்னிக்கு நீங்க யாருன்னே எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சப்பறம் வாய் வரல.”

“உங்கப்பாகிட்ட வாய்தவறிச் சொல்லிட்டீங்களா?”

ஆமாம் என்று சொல்லிவிட மாட்டானா... அந்த ஒரு சொல் போதும், எப்படியாவது மன்னித்துவிடலாம் என்று அவள் பாழும் மனசு அடித்துக்கொண்டது.

அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

“இல்ல. பாதி நிலத்தக் குடுத்துடலாம்னு அப்பா சொன்னாரு. எனக்குத்தான் மனசு வரல. தெரிஞ்சேதான் சொன்னேன். அம்சம்... எனக்கு உன்னப் புடிச்சிருக்கு. அதுவும் நெசம்.”

அந்தக் கண்களில் பொய்யே இல்லை. இரண்டுமே உண்மையாக இருந்ததுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் நகர, அவனும் கூடவே நடந்தான்.

“உனக்கு?”

“புடிச்சிருந்துச்சு” என்றாள் அம்சம்.